இல்லறத்தில் பெண்ணின் விழைவு

பழந்தமிழ் இலக்கியம் பெண்ணின் விழைவைப் பற்றிப் பேசக் கூசியதில்லை. திருவள்ளுவர் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரங்களை ஒதுக்கினார். அவற்றுள் கற்பியலைச் சேர்ந்த 18 அதிகாரங்களில் பெரும்பாலான குறட்பாக்கள் தலைவியின் கூற்றாகவே அமைந்துள்ளன. பிரிவில் வாடுவதும், கண்டபோது மகிழ்வதும், ஊடுவதும், ஊடல் தணிவதும் ஆகிய யாவற்றையும் அவளே தன் வாயாற் சொல்கின்றாள். ஆயினும், அதே மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பெண்ணொருத்தி, தன் விழைவு குன்றிவிட்டது என்று வைத்தியரிடம் கூற நேரும்போது சொற் கிடையாது தடுமாறுகின்றாள். தலைவலி என்கின்றாள், இடுப்பு நோ என்கின்றாள், களைப்பு என்கின்றாள். வந்த காரியத்தைச் சொல்லாமலே வீட்டுக்குத் திரும்புகின்றாள்.

இம்மௌனத்தினால் விளையும் கேடுகள் இரண்டு. உண்மையாகவே உதவி வேண்டி நிற்கும் பெண்ணுக்கு அவ்வுதவி கிட்டாமற் போகின்றது. கணவன் அவளுடைய நிலையைத் தன்மீது கொண்ட வெறுப்பு என எண்ணுகின்றான். அவளோ தன்னிடம் ஏதோ பெருங் குறை உண்டென எண்ணுகின்றாள். இருவரும் ஒருவரையொருவர் கேட்பதில்லை. இஃது ஒரு கேடு. மற்றது இதற்கு நேர் எதிரானது. நோய் எதுவுமில்லாத பெண்ணும் தன்னை நோயாளி என்று நம்பத் தலைப்படுகின்றாள். அந்நம்பிக்கையைப் பயன்படுத்திச் சூரணமும் லேகியமும் விற்போரும், அவற்றுக்கு நவீன உடை உடுத்தி மாத்திரையாக விற்போரும் அவளை நாடி வருகின்றனர். ஆகவே, விழைவு குன்றுதல் எப்போது நோயாகும், எப்போது நோயாகாது, நோயாயின் அதற்கு என்ன பரிகாரம் என்னும் மூன்று வினாக்களுக்கும் இன்றைய மருத்துவம் கூறும் விடையை அறிந்திருப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன் தருவதாகும்.

மருத்துவர்களும் இந்த விடயத்தில் நெடுங்காலம் தவறு செய்தவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் அக்டன் என்னும் வைத்தியர், பெரும்பாலான பெண்களுக்குப் பாலுணர்ச்சியினால் அதிக தொல்லை இல்லை என்றும், அஃது அவர்தம் நற்பேறு என்றும் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் காற்று மறுபக்கம் வீசியது. விழைவு காட்டாத பெண்ணுக்குக் ‘குளிர்ந்தவள்’ என்று பொருள்படும் பெயர் ஒன்றைச் சூட்டி, அவளை நோயாளியாக்கினர். முன்னவர்கள் விழைவின்மையைப் பெண்ணின் இயல்பு என்றனர். பின்னவர்கள் அதனைக் குறை என்றனர். இரு சாராரும் அப்பெண்ணை அருகில் இருத்தி அவள் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டிலர். இரு தவறுகளுக்கும் வேர் அதுவே.

கேட்கும் வேலையை விரிந்த அளவிற் செய்தவர் அமெரிக்காவில் இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்பிரட் கின்சி. அவரும் அவருடைய துணைவர்களும் 5,940 பெண்களிடம் நேரிற் பெற்ற விபரங்களைக் கொண்டு 1953 ஆம் ஆண்டு பெருநூலொன்றை வெளியிட்டனர். பெண்ணுக்குப் பெண் விழைவின் அளவு பெரிதும் வேறுபடுகின்றது என்பது அந்நூலால் நன்கு வெளியாயிற்று. ஒருவரின் உயரம் மற்றவருக்கு அளவுகோலாகாதது போல, ஒருத்தியின் விழைவும் மற்றொருத்திக்கு அளவுகோலாகாது.

அதன்பின் 1966 ஆம் ஆண்டில் வில்லியம் மாஸ்டர்ஸ் என்னும் வைத்தியரும் வேர்ஜினியா ஜோன்சன் என்னும் அம்மையாரும், தாம்பத்திய உறவின்போது உடலில் நிகழும் மாறுதல்களை ஆய்வுகூடத்தில் அளந்து, அவற்றை நான்கு படிகளாக வகுத்தனர். கிளர்ச்சி, நிலைபேறு, உச்சம், தணிவு என்பன அந்நான்கு. இவ்வரிசையில் விழைவுக்கு இடமில்லை என்பது கவனிக்கத்தக்கது. தாமே விரும்பி வந்தோரை ஆராய்ந்தமையால், விழைவு எங்கிருந்து வருகின்றது என்னும் வினா அங்கே எழவில்லை. அவ்வினாவை எழுப்பியவர் நியூயோர்க் நகரத்து வைத்தியர் ஹெலன் சிங்கர் கப்லன் அம்மையார். சிகிச்சை பெற்றும் குணமடையாதவர்களின் வரலாறுகளை அவர் மீண்டும் ஆராய்ந்தார். அவர்களுட் பலரின் உடல் தன் கடமையைச் செய்ய வல்லதாகவே இருந்தது. தொடக்கத்தில் வேண்டிய விழைவே அவர்களிடம் இருக்கவில்லை. 1977 ஆம் ஆண்டு அவர் இதனை எடுத்துரைத்தார். 1980 இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் விழைவுக் குறைவு தனியிடம் பெற்றது.

இங்கு ஒரு பெரிய கேள்வி எஞ்சி நின்றது. விழைவு முதலில் வரவேண்டும், உறவு அதன்பின் நிகழவேண்டும் என்பது எல்லாருக்கும் பொருந்தும் விதியா? கனடாவின் வான்கூவர் நகரில் வைத்தியராகப் பணியாற்றிய ரோஸ்மேரி பசன் அம்மையார், தம்மிடம் வந்த பெண்களின் கூற்றுகளை ஆராய்ந்து, அவ்வாறு அன்று என்று 2000 ஆம் ஆண்டு எழுதினார். நீண்ட காலம் இல்லறம் நடத்தும் பெண்களுட் பலருக்கு விழைவு தானாகப் பொங்கி எழுவதில்லை. கணவனோடு நெருங்கியிருக்க வேண்டும், அன்பைப் பெறவும் கொடுக்கவும் வேண்டும் என்னும் எண்ணமே முதலில் எழுகின்றது. அவ்வெண்ணத்தோடு அவள் மனமொப்பி அணுகுகின்றாள். இன்சொல்லும் தொடுகையும் அமைதியும் கிடைக்குமாயின் கிளர்ச்சி தோன்றுகின்றது. கிளர்ச்சியின் பின்னே விழைவு வருகின்றது. அவ்வனுபவம் இனிதாக முடிந்தால், அடுத்த முறைக்கு அதுவே வித்தாகின்றது. ஆகவே இது நேர்கோடாகச் செல்லும் வழியன்று. வட்டமாகச் சுழலும் வழி.

திருவிழாவுக்குச் செல்லப் பெரிதும் ஆவலில்லாமல், உறவினர் அழைத்தமைக்காகப் புறப்படும் ஒருவர், வீதியில் நாதஸ்வர ஓசை செவியிற் பட்டதும் திரும்பிப் போக மனமின்றி நிற்பதுண்டு. அவரிடம் இசையார்வம் இல்லை என்று யார் சொல்லுவர்? அவ்வார்வம் உள்ளே உறங்கியது. ஓசை அதனை எழுப்பிற்று. பல பெண்களின் விழைவும் இத்தகையதே. தானாக எழும் விழைவு இல்லை என்னும் ஒரே காரணத்தால் ஒருத்தியை நோயாளி என்பது பொருந்தாது.

இக்கருத்தைத் தவறாக விளங்கிக் கொள்வாரும் உளர். பின்னர் விழைவு வந்துவிடும் என்று கூறி, விருப்பமில்லாத மனைவியை வற்புறுத்துவதற்கு இஃது இடந்தரவில்லை. அழைப்பை ஏற்றுப் புறப்பட்டவருக்கே நாதஸ்வரம் இனிக்கும். கையைப் பற்றி இழுத்துச் செல்லப்பட்டவருக்கு அதே ஓசை இரைச்சலாகும். மனமொப்புதல் இன்றி நிகழும் உறவு விழைவை வளர்ப்பதில்லை. எஞ்சியிருந்த சிறு பொறியையும் அவித்துவிடுகின்றது.

அப்படியாயின், நோய் என்று எதனைக் கூறுவது? 2008 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இதற்கு நல்ல விளக்கம் தருகின்றது. 31,581 பெண்களிடம் வினாக்கள் கேட்கப்பட்டன. விழைவு குறைவு என்று கூறியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேர். அதனால் தமக்கு மனவேதனை உண்டு என்று கூறியோரோ நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேர் மாத்திரமே. எஞ்சியோர் அந்நிலையை ஒரு குறையாகக் கருதவில்லை. அவர்தம் வாழ்வு அமைதியாகவே நடந்தது. குறைவு வேறு, வேதனை வேறு என்பது இதனாற் புலனாகும்.

2013 ஆம் ஆண்டு திருத்தியமைக்கப்பட்ட அமெரிக்க நோய்ப் பட்டியலும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. விழைவு, எண்ணம், முனைப்பு, இன்பம், கிளர்ச்சி, உடலுணர்ச்சி ஆகியன பற்றிய ஆறு அறிகுறிகளுள் மூன்றேனும் ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குக் குறையாது நிலைத்திருத்தல் வேண்டும். அதனால் அப்பெண்ணுக்கே கடுமையான வேதனை உண்டாதல் வேண்டும். கணவனின் விழைவு மிகுதியாகவும் மனைவியின் விழைவு குறைவாகவும் இருப்பது மாத்திரம் நோயாகாது. அஃது இருவருக்கிடையில் உள்ள வேறுபாடு. வாழ்நாள் முழுவதும் பாலின்பத்தில் நாட்டமின்றி, அதுவே தம் இயல்பு என்று நிறைவோடு வாழும் பெண்களும் உளர். அவர்களையும் நோயாளிகள் என்று கூறலாகாது. முறையிடுபவர் யார் என்பதே வைத்தியர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி. அவள் தானே வருந்தி வந்தாளா? அல்லது பிறர் அவளைக் குறைகூறி அனுப்பினரா? இவ்விரண்டுக்கும் மருந்து ஒன்றன்று.

தானே வருந்தி வந்த பெண்ணின் விழைவு எதனாற் குன்றுகின்றது என்பதை விளக்க, கின்சி நிறுவகத்தைச் சேர்ந்த ஜோன் பான்க்ரொஃப்ட், எரிக் ஜான்சன் ஆகியோர் வகுத்த கொள்கை உதவுகின்றது. மோட்டார் வண்டியில் அக்சிலரேட்டரும் உண்டு, பிரேக்கும் உண்டு. மூளையிலும் விழைவைத் தூண்டும் அமைப்பு ஒன்றும், அதனைத் தடுக்கும் அமைப்பு ஒன்றும் தனித்தனியே இயங்குகின்றன. வண்டி நகரவில்லையாயின், அக்சிலரேட்டர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுமுன், பிரேக்கின்மேல் யாரேனும் காலை ஊன்றியிருக்கின்றாரா என்று பார்ப்பதே அறிவுடைமை. விழைவு குன்றிய பெண்களுட் பலரின் கதை பிரேக்கின் கதையாகவே இருக்கின்றது.

அத்தடைகளுள் முதலாவது நோவு. உறவின்போது நோவு உண்டாகுமாயின், உடல் அடுத்த முறையை எதிர்பார்த்து இறுகிக் கொள்கின்றது. மனம் விலகிக் கொள்கின்றது. இது நோயன்று, தற்காப்பு. சுடும் பாத்திரத்திலிருந்து கையை எடுப்பதைப் போன்றதே இது. நோவுக்கோ காரணங்கள் பல. பிள்ளைப்பேற்றின்போது கிழிந்து தைக்கப்பட்ட இடம் நன்கு ஆறாமையும், கிருமித் தொற்றும், கருப்பையின் உட்படலம் வெளியே வளரும் நோயும், அச்சத்தினால் யோனித் தசைகள் தாமாகவே இறுகுதலும் இவற்றுட் சில. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஓமோன் குறைவதனால் யோனியின் உட்தோல் மெலிந்து வறட்சியடைவதும் பெருங் காரணமாகும்.

இரண்டாவது, உடலின் பொதுநிலை. இரத்தச்சோகை, நீரிழிவு, தைரொயிட் சுரப்பியின் சோர்வு ஆகியன உடலின் தெம்பைக் குறைத்து விழைவையும் குறைக்கின்றன. பாலூட்டும் தாயின் உடலில் புரோலக்ரின் என்னும் ஓமோன் மிகுந்தும் ஈஸ்ட்ரோஜன் குறைந்தும் இருக்கும். ஆகையால் அக்காலத்தில் விழைவு குன்றுதலும் வறட்சி உண்டாதலும் இயற்கை. சத்திரசிகிச்சையினால் இரு சூலகங்களும் அகற்றப்பட்ட பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜனும் தெஸ்தெஸ்தரோனும் சடுதியாகக் குறைகின்றன.

மூன்றாவது, மருந்துகள். மனச்சோர்வு விழைவைக் குறைக்கும் நோய். அந்நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளுள், மூளையில் செரட்டோனினின் செயலை மிகுவிக்கும் வகையும் விழைவைக் குறைக்க வல்லது. இதனை அறியாத பெண், மனம் தேறியும் விழைவு திரும்பாமையைக் கண்டு, தன் அன்பே வற்றிவிட்டது என்று அஞ்சுகின்றாள். கடும் மனநோய்களுக்குரிய சில மருந்துகளும் புரோலக்ரினை மிகுவித்து இதே விளைவைத் தருகின்றன. இத்தகைய மருந்துகளைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. ஆயின், மருந்து கொடுத்த வைத்தியரிடம் கூறினால் அளவை மாற்றவும், இத்தொல்லை குறைந்த வேறு மருந்தைக் கொடுக்கவும் வழியுண்டு.

நான்காவது தடை வாழ்க்கையே. ஓர் இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளை பிறந்து ஏழு மாதம். தாய் இரவில் மூன்று முறை எழுகின்றாள். விடியுமுன் அடுப்படிக்குச் செல்கின்றாள். பக்கத்து அறையில் மாமியார் படுத்திருக்கின்றார். இடையில் இருப்பது மெல்லிய பலகைச் சுவர். மீண்டும் கருவுற்றால் என் செய்வது என்னும் அச்சம் வேறு. பகல் முழுவதும் பராமுகமாக இருந்த கணவன், விளக்கணைத்த பின்னரே அவள்பக்கம் திரும்புகின்றான். அவள் விலகுகின்றாள். “நீ முந்திப் போல இல்லை” என்கின்றான் அவன். “நீங்கள் மாத்திரம் முந்திப் போலவா?” என்று அவள் கேட்க எண்ணுகின்றாள், கேட்பதில்லை. ஒரு மாதத்தில் இருவருக்கும் இடையே பேச்சுக் குறைகின்றது. ஓராண்டில் அவளுக்கு நோய் என்று பெயராகின்றது.

இப்பெண்ணை ஆராயும் வைத்தியர் என்ன காண்பார்? தையல் இட்ட இடத்தில் நோவு இருக்கலாம். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்திருக்கலாம். பாலூட்டலினால் வறட்சி இருக்கலாம். பிள்ளைப்பேற்றின் பின்னர்த் தோன்றும் மனச்சோர்வும் இருக்கலாம். இவை அனைத்தும் பரிகாரம் உள்ளவை. உறக்கமின்மைக்கும் தனிமையின்மைக்கும் வைத்தியசாலையில் மருந்தில்லை. ஆயினும் கணவன் இரவில் ஒருமுறை பிள்ளையைத் தூக்கினால், அது மருந்தின் வேலையைச் செய்யும். அவளுடைய விழைவு இறந்துபோகவில்லை. ஐந்தாறு பாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அதனை அழுத்திக் கொண்டிருந்தன.

இவற்றுக்கு மேலாக, அச்சுறுத்தலும் அடியும் வசையும் நிறைந்த வீட்டில் விழைவு எழாமை வியப்பன்று. இளமையில் வன்செயலுக்கு ஆளான பெண்ணின் உடலும் அந்நினைவைச் சுமந்துகொண்டே இருக்கும. அங்கெல்லாம் முதற் சிகிச்சை அவளுக்குப் பாதுகாப்பை ஏற்படுத்துவதே. பாதுகாப்பற்ற மனைவிக்கு விழைவூட்ட மருந்து தேடுவது மருத்துவ அறத்துக்கு ஒவ்வாது.

சிகிச்சையின் ஒழுங்கு இவற்றிலிருந்து தெளிவாகின்றது. முதலிற் கேட்டறிதல். இந்நிலை எப்போது தொடங்கிற்று? எப்போதும் இப்படியா, இடையில் வந்ததா? கணவனிடம் மாத்திரம் இப்படியா, தனிமையிலும் எண்ணம் எழுவதில்லையா? நோவு உண்டா? என்னென்ன மருந்துகள் உட்கொள்ளப்படுகின்றன? வீட்டு நிலைமை எத்தகையது? இக்கேள்விகளை வைத்தியர் அவளைத் தனியே வைத்துக் கேட்டல் வேண்டும். கணவனோ மாமியாரோ அருகில் இருக்கையில் உண்மை வெளிவராது. அதன்பின் வேண்டுமாயின் உடற்பரிசோதனையும், இரத்தச்சோகை, நீரிழிவு, தைரொயிட் முதலியவற்றுக்கான பரிசோதனைகளும் நடைபெறும்.

கண்டறிந்த தடையை நீக்குதல் இரண்டாவது படி. மாதவிடாய் நின்ற பெண்ணின் வறட்சிக்கு, யோனியின் உள்ளே மாத்திரம் பயன்படுத்தும் சிற்றளவு ஈஸ்ட்ரோஜன் களிம்போ குளிகையோ மிகுந்த பயன் தரும். மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் இதற்கு முன்னர்த் தம் வைத்தியரைக் கலந்துகொள்ளல் வேண்டும். வழுவழுப்பான நீர்ப்பசைகளும் உதவும். இறுகிய தசைகளைத் தளர்த்தும் பயிற்சிகளைக் கற்பிக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் உளர். நோவு நீங்கியபின் விழைவு தானே திரும்பி வந்த பெண்கள் பலர்.

மூன்றாவது படி மனத்துக்கும் இல்லறத்துக்கும் உரிய சிகிச்சை. மாஸ்டர்ஸும் ஜோன்சனும் 1970 இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறை இன்றும் கையாளப்படுகின்றது. கணவனும் மனைவியும் சில வாரங்களுக்கு முழுமையான உறவைத் தவிர்த்துவிடுகின்றனர். ஒருவரையொருவர் அமைதியாகத் தொடுதல், அத்தொடுகையை உணர்தல், எது இதமளிக்கின்றது என்பதைக் கூறுதல் ஆகியவையே அவர்களுக்கு இடப்படும் வேலை. இது முடிவில் எங்குக் கொண்டுபோய் விடுமோ என்னும் அச்சம் நீங்கியமையால் பெண் தொடுகையை மீண்டும் விரும்பக் கற்கின்றாள். கணவனோ கேட்கக் கற்கின்றான்.

வான்கூவர் நகரைச் சேர்ந்த உளவியலறிஞர் லோரி புரொற்றோ அம்மையார், கீழைநாட்டுத் தியான மரபிலிருந்து பெற்ற மனவிழிப்புப் பயிற்சியைப் பெண்களின் குழுக்களுக்குக் கற்பித்து ஆராய்ந்தவர். உறவின்போது பல பெண்களின் உடல் ஓரிடத்தில் இருக்க, மனம் நாளைய சமையலிலும், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும், தன் தோற்றத்திலுள்ள குறைகளிலும் அலைகின்றது. மூச்சிலும் உடலுணர்ச்சியிலும் கருத்தை நிறுத்தப் பழகியவர்கள், விழைவு கூடியதாகவும் வேதனை குறைந்ததாகவும் கூறினர். அவர் இப்பொருள் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதிய நூல் 2018 இல் வெளியாயிற்று.

மாத்திரை ஒன்றும் இல்லையா என்று கேட்பவர் இருப்பர். அதன் வரலாறு படிப்பினை நிறைந்தது. ஆண்களின் உறுப்பு விறைப்புக் குறைவுக்கு வயாகரா என்னும் மாத்திரை 1998 இல் அனுமதி பெற்றதும், பெண்களுக்கும் அதுவே உதவும் என்று பலர் நம்பினர். பல ஆண்டுகள் சோதித்தபின் அதனை ஆக்கிய நிறுவனம் 2004 ஆம் ஆண்டு அம்முயற்சியைக் கைவிட்டது. இரத்த ஓட்டம் கூடினாலும் மனத்தில் விழைவு கூடவில்லை.

அடுத்து வந்தது ஃபிளிபான்செரின். மனச்சோர்வுக்கென ஆக்கப்பட்ட இம்மருந்து அதற்குப் பயன்படாது போக, விழைவுக்கு உதவுமா எனச் சோதிக்கப்பட்டது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 இலும் 2013 இலும் அதற்கு அனுமதி மறுத்தது. பெண்களுக்கு மாத்திரம் மருந்து மறுக்கப்படுகின்றது என்னும் பெரும் பிரசாரத்தின் பின்னர், 2015 ஆகஸ்டில், மாதவிடாய் நிற்காத பெண்களுக்கென அனுமதி கிடைத்தது. இரண்டு நாள்களுள் அதன் உரிமையுள்ள சிறு நிறுவனத்தை ஏறத்தாழ 100 கோடி டொலருக்கு வாங்க மற்றொரு நிறுவனம் உடன்பட்டது. நாள்தோறும் இரவில் உட்கொள்ள வேண்டிய இம்மாத்திரை, வெற்று மாத்திரை உண்டவர்களை நோக்க, மாதத்திற்கு அரை முதல் ஒன்று வரையான நிறைவான உறவுகளையே கூட்டியது. மயக்கமும் தலைச்சுற்றும் குமட்டலும் இதன் தொல்லைகள். மதுவுடன் சேர்ந்தால் இரத்த அழுத்தம் வீழும். பெண்களுக்கென ஆக்கப்பட்ட இம்மருந்து மதுவுடன் எப்படிச் சேரும் என்பதை அறியச் செய்த தொடக்க ஆய்வில் இருந்த 25 பேருள் 23 பேர் ஆண்கள் என்பதும் பதிவாகியுள்ளது. 2019 இல் அனுமதி பெற்ற பிறெமெலனொரைட் என்னும் ஊசிமருந்து, வேண்டிய வேளைக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்னர் ஏற்றிக்கொள்வது. சோதனைகளில் அதனைப் பெற்றோருள் நூற்றுக்கு 40 பேருக்குக் குமட்டல் உண்டாயிற்று.

தெஸ்தெஸ்தரோன் ஆண்களுக்குரிய ஓமோன் என்று பெயர் பெற்றிருப்பினும், பெண்களின் உடலிலும் சிற்றளவில் உண்டு. 2019 ஆம் ஆண்டு பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் ஒருங்கிணைந்து வெளியிட்ட அறிக்கை, மாதவிடாய் நின்றபின் விழைவுக் குறைவினால் வருந்தும் பெண்களுக்கு, வேறு காரணங்களை ஆராய்ந்து நீக்கிய பின்னர், இயல்பான பெண்ணுடலின் அளவைத் தாண்டாத வகையில் இதனைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று கூறிற்று. பெண்களுக்கெனவே ஆக்கிய களிம்பு ஒன்றுக்கு அவுஸ்திரேலியா 2020 இல் அனுமதி அளித்தது. அளவு மிகுந்தால் முகத்தில் மயிர் வளரும், குரல் தடிக்கும், தடித்த குரல் பழைய நிலைக்குத் திரும்பாமலும் போகலாம். இரத்தத்தில் இந்த ஓமோனை அளந்து மாத்திரம் இந்நோயைத் துணிய முடியாது என்பதையும் அவ்வறிக்கை வற்புறுத்தியது.

ஆகவே, மருந்துக்கு இடமுண்டு. அது சிறிய இடம். தடைகளை நீக்கியபின்னும் வருந்தும் சிலருக்கு, வைத்தியரின் மேற்பார்வையில் அது துணையாகலாம். சந்தையில் விற்கும் பெயரறியாச் சூரணங்களோ அந்த இடத்துக்கும் உரியனவல்ல. அவற்றில் என்ன கலந்துள்ளது என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

இலங்கையிற் பெண்கள் இதனைப் பேசத் தொடங்குவதற்கு வாயில்கள் இல்லாமலில்லை. 1996 ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களில் இரத்த அழுத்தமும் நீரிழிவும் பரிசோதிக்கப்படுகின்றன. மார்பகமும் கருப்பைக் கழுத்தும் ஆராயப்படுகின்றன. அத்தருணத்தில் இந்தக் குறையையும் ஒரு வாக்கியத்திற் கூறலாம். வீட்டில் வன்செயலுக்கு ஆளாகும் பெண்களுக்கென அரசாங்க வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ என்னும் பெயரில் இயங்கும் பிரிவுகளும் உண்டு. வீட்டுக்கு வரும் மருத்துவிச்சியிடமும், “பிள்ளை பிறந்த பிறகு எனக்கு மனமில்லை, நோவு இருக்கிறது” என்று கூறுவதில் வெட்கத்துக்கு இடமில்லை.

கணவருக்கும் இதில் ஒரு பங்குண்டு. மனைவி விலகும்போது, “உனக்கு என்ன குறை?” என்று கேட்பதற்குப் பதிலாக, “உனக்கு என்ன பாரம்?” என்று கேட்கும் கணவன் பாதிச் சிகிச்சையைத் தானே செய்துவிடுகின்றான். விழைவு கடமையின் பேரால் வசூலிக்கும் வரியன்று. உடல் நலமும், உறக்கமும், அச்சமின்மையும், பகலிற் காட்டிய அன்பும் சேர்ந்த நிலத்தில் அது தானே முளைப்பது. முளை தோன்றாத இடத்தில் விதையைக் குறைகூறு முன்னர், அதன்மேல் எந்தக் கல் கிடக்கின்றது என்று பார்த்து, அக்கல்லை இருவருமாகப் புரட்டுதல் வேண்டும். பெரும்பாலான இல்லங்களில் அதுவே போதுமானதாகின்றது. போதாத இடத்தில் உதவுவதற்கு மருத்துவம் இருக்கின்றது. ஆயின் அம்மருத்துவமும், அப்பெண் தன் குறையைத் தன் சொற்களிற் கூறும்போதே தொடங்குகின்றது.